வடக்கு வரம்பு

அப்பா குளம் வெட்டப் போட்ட கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. பாடசாலைக் கொப்பி ஒன்றின் நடுப்பக்கம். காணி உறுதிப் பத்திரங்களோடு சேர்த்துச் சுற்றி வைத்ததால் அது தப்பியது. எழுத்து என்னுடையது. அதில் ஒரேயொரு வரி வெட்டப்பட்டிருக்கிறது, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி. வெட்டியவர் அப்பா. வெட்ட வைத்தவள் நான். இதைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

சண்டிலிப்பாயில் எங்களுக்கு ஆறு பரப்புத் தோட்டம், அரை ஏக்கர்கூட வராது. வடக்குப் பக்கம் பெரியப்பாவின் காணி; அவர் அப்பாவின் கூடப்பிறந்த ஒரே தமையன். எங்கள் காணியை விட அது பெரிது, கொஞ்சம் மேடும்கூட. இரண்டுக்கும் நடுவில் ஒரு மண் வரம்பு, வரம்பின் மேல் கதியால் வேலி. வேலியின் கிழக்கு மூலையில் கிணறு. உறுதியில் அது இரண்டு வீட்டுக்கும் சரிபாதி என்று எழுதியிருக்கும். ஒரு நாள் அவர்கள் இறைப்பு, மறுநாள் எங்கள் இறைப்பு. இப்படித்தான் வருசக்கணக்காக நடந்தது.

பிறகு பெரியப்பா மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின் ஒன்று வாங்கினார். அவருடைய நாளில் அது விடியத் தொடங்கிப் பொழுதுபடும்வரை கத்தும். எங்கள் நாளில் வாளி போட்டால் சேறு வரும். அடுத்த வருசம் தண்ணீர் உப்புக் கரித்தது. வெங்காயத்தின் தாள் நுனியில் கருகத் தொடங்கியது. ஒரு நாள் கிணற்றடியில் அப்பா கேட்டார், "அண்ணை, கிணறு என்ன உங்கடை சீதனமோ?" பெரியப்பா சொன்னார், "கையாலை இறைக்கிறவனுக்கு இவ்வளவு தண்ணி என்னத்துக்கு?" அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு சொல். கதை பேச்சு நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் கதை பேச்சு நின்றால் அது விளையாட்டில்லை. ஒருவர் படலைக்குள் மற்றவர் கால் வைக்கக்கூடாது. கோயிலில் கண்டால் ஒருவர் சாமியைப் பார்ப்பார், மற்றவர் தூணைப் பார்ப்பார். செத்த வீட்டுக்கு மட்டும் போகலாம். உயிரோடு இருக்கும்போது கதைக்காதவன் செத்த பிறகு போய் அழுவதில் என்ன நியாயம் என்று நான் அம்மாவைக் கேட்டிருக்கிறேன். "உனக்கு இருபத்திரண்டு வயது, வாய்க்கு நாற்பது வயது" என்பா அம்மா. எனக்கு வாய் மட்டுமில்லை, மூக்கு நுனியில் கோபமும் இருந்தது. அது எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு சித்திரையில் அப்பா குளம் என்ற கதையை எடுத்தார். மாரியில் வருகிற மழைத் தண்ணீர் முழுக்கக் கடலுக்குத்தானே ஓடுகிறது, அதில் கொஞ்சத்தை மறித்து வைத்தால் வைகாசி வரைக்கும் தோட்டத்துக்குக் காணும், கிணற்றடியில் யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை என்பது அவருடைய எண்ணம். முடிச்சுப் போட்ட கயிற்றால் நிலத்தை அளந்தார். நீளம் நாற்பதடி, அகலம் முப்பதடி, ஆழம் ஐந்தடி. நான் கொப்பியோடு பின்னால் போனேன். ஏ.எல். படித்துவிட்டுக் கம்பசுக்கு எடுபடாமல் வீட்டில் இருந்தவளுக்கு அது ஒரு உத்தியோகம் மாதிரி இருந்தது. கியூப் ஒன்று நூறு கன அடி, அறுபது கியூப் மண் வரும் என்று நான்தான் பெருக்கிச் சொன்னேன். அப்பா தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது.

உரும்பிராயிலிருந்து கிணறு வெட்டுகிற ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் அலவாங்குக் கம்பியை நாலு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு நிலத்தில் குந்தினார்.

"மூண்டடி மண். அதுக்குக் கீழை கல்லு. முந்தியெண்டால் வெடி வைச்சு ஒரு நாளிலை முடிப்பம். இப்ப வெடி கேட்டுக் கடைக்குப் போனால் என்னை ஆமி கொண்டு போயிடும். அலவாங்கும் சம்மட்டியும்தான்."

மண் வெட்டுகிறதுக்கு ஒரு கூலி, கல் உடைக்கிறதுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. நான் எழுத எழுத அப்பாவின் முகம் சுருங்கியது. "விரலுக்குத் தக்க வீக்கம்" என்று சொல்லி ஐந்தடியை நாலடியாக்கினார். உடைக்கிற கல்லைச் சுண்ணாம்புச் சூளைக்கு விற்பது என்று வரவுப் பக்கத்தில் எழுதினோம். கல்லில் துவாரம் இருக்கும், தண்ணீர் நிற்காது. ஆகையால் வயல் களிமண் பன்னிரண்டு வண்டில் ஏற்றி, அடியில் பரவி, மாடு விட்டு மிதிக்க வேண்டும். அதையும் எழுதினோம். வேலையாட்களுக்குத் தேத்தண்ணி, சீனி என்று எழுதப் போனேன். "பனங்கட்டி எண்டு எழுது. சீனி போட்டு ஆர் கட்டுறது?" என்றார் அப்பா.

எல்லாம் எழுதி முடிந்ததும் உரும்பிராய்க்காரர் எழும்பித் தூசி தட்டினார். "வெட்டுறது என்ரை வேலை. தண்ணி எதாலை வரும்?"

அப்பா வேலியைப் பாராமல் கையை மட்டும் நீட்டினார். "வடக்காலை."

உண்மையில் வேறு வழியே இல்லை. மழை பெய்தால் பெரியப்பாவின் காணித் தண்ணீர் முழுதும் சரிந்து வந்து வடக்கு வரம்பில் முட்டி நிற்கும். வரம்பில் இரண்டு முழம் திறந்துவிட்டால் இரண்டு மழையில் எங்கள் குளம் நிரம்பும். அப்பா சொல்ல நான் கடைசி வரியை எழுதினேன்: வடக்கு வரம்பு இரண்டு முழம் திறத்தல், செலவு இல்லை.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "உதுக்கோ செலவில்லை? உதுதான் எல்லாத்திலும் பெரிய செலவு."

அம்மா சொன்னது சரி. வரம்பு இருவருக்கும் பொது. கேளாமல் வெட்டினால் வழக்கு. கேட்டால் அப்பாவுக்குக் குறைச்சல். இரண்டு கிழமை அவர் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீ ஒருக்கால் பெரியப்பாவிட்டைப் போய்ட்டு வா. நான் கேட்டதெண்டு சொல்லு. பிள்ளை வந்து கேட்டால் அண்ணை இல்லையெண்டு சொல்லமாட்டார். வெறுங்கையோடை போகப்படாது, உந்தக் கதலிப் பழத்தில ஒரு சீப்பு வெட்டிக்கொண்டு போ."

அவர் அப்படிக் கேட்பதற்கு எவ்வளவு இறங்கி வந்திருப்பார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. கிணற்றை உப்பாக்கினது அவர்கள், பழம் கொண்டு போவது நாங்களா? முணுமுணுத்துக்கொண்டே மேற்குப் பக்கத்து ஒடுங்கிய ஒழுங்கையால் சுற்றி அவர்களுடைய படலைக்குப் போனேன்.

முற்றத்தில் பெரியம்மா மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தா. நிமிர்ந்து என்னைக் கண்டா. கையிலிருந்த சுளகை வைத்தா. ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பி வீட்டுக்குள் போனா.

நான் படலையில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு நிமிசம்கூட இராது. முகம் கொதித்தது. பிச்சைக்காரிக்குக்கூடப் பிறகு வா என்று ஒரு சொல் சொல்லுவார்களே என்று நினைத்தேன். திரும்பினேன். ஒழுங்கை மூலையில் யாரோ கட்டியிருந்த ஆட்டுக்கு முன்னால் பழச் சீப்பைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா வாசலில் நின்றார். "என்னவாம்?"

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். பெரியம்மா உள்ளே போய்விட்டா, எனக்குக் கோபம் வந்தது, திரும்பிவிட்டேன் என்று. ஆனால் அப்படிச் சொன்னால் அவர் மறுபடி போ என்பார். "மாட்டாராம்" என்றேன்.

"என்ன சொன்னவர்? சொன்னபடி சொல்லு."

ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய் ஆயத்தமாக வந்து நின்றது. "'தம்பிக்குக் குளம் வேணுமெண்டால் வானத்தைப் பாக்கச் சொல்லு' எண்டார்." பெரியப்பாவின் குரலைப்போலவே இழுத்துச் சொன்னேன். அதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்வது.

"அப்பிடியே சொன்னவர்?"

"ஓம்."

அப்பா கொப்பியை வாங்கினார். கடைசி வரியை வெட்டினார். அதற்குக் கீழே புதுக் கணக்கு எழுதச் சொன்னார். வடக்கு இல்லையென்றால் மேற்கு. ஒழுங்கையில் ஓடுகிற மழைத் தண்ணீரைக் குளத்துக்குக் கொண்டுவர அறுபதடி வாய்க்கால், அந்தப் பக்கம் மேலேயே கல். அந்த வாய்க்காலுக்கு மட்டும் குளத்துக்குப் போட்ட காசில் முக்கால்வாசி வந்தது. நான் கூட்டினேன். பிழையில்லாமல் கூட்டினேன்.

அந்தக் காசு வீட்டில் இல்லை. இருந்தது அம்மாவின் காப்புச் சோடி. மானிப்பாயில் அடைவு வைக்கப் போகிற அன்று காலை அது கையை விட்டுக் கழலவில்லை. கிணற்றடியில் குந்தி நான்தான் சவர்க்காரம் போட்டுக் கழற்றினேன். உப்புத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. மணிக்கட்டுச் சிவந்துபோனது. "உனக்கெண்டு வைச்சது மோனை. ரெண்டு போகம் விளைஞ்சால் மீட்டுப்போடலாம்" என்றா அம்மா. அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு காப்புக் கழன்றது, மற்றக் கையைப் பிடித்தேன். சொல்லவில்லை. காப்பு மீளவும் இல்லை, வட்டியில் மூழ்கிப்போனது.

ஆடியில் தொடங்கி ஆவணி கடைசியில் குளம் முடிந்தது. அலவாங்கு கல்லில் விழுகிற சத்தம் ஊரெல்லாம் கேட்கும். ஆமியின் ஹெலி வந்தால் எல்லாரும் குழிக்குள் குந்துவார்கள். பங்கரா வெட்டுகிறீர்கள் என்று தெருவால் போகிறவர்கள் பகிடி விட்டார்கள். பகிடி பிறகு பலித்தது. அடுத்த வருசம் செல்லடி தொடங்கியபோது நாங்கள் இரண்டு நாள் அந்தக் குழியின் மூலையில்தான் இருந்தோம். குளம் முதலில் உதவியது அப்படித்தான்.

முதல் மாரியில் ஒழுங்கைத் தண்ணீர் சாணியும் குப்பையுமாக வந்தது. முழங்காலளவு நின்றது, மாசியில் வற்றியது. நான் வேலி இடுக்கால் அங்காலே பார்த்தேன். பெரியப்பாவின் காணியின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளம். நட்ட வெங்காயம் அழுகி மிதந்தது. தண்ணீருக்குப் போக வழியில்லை. அவருக்கு அது போக வேண்டும், எங்களுக்கு அது வர வேண்டும், நடுவில் இரண்டு முழ மண். கேட்டிருந்தால் அவர் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார் என்பது அன்றைக்கு எனக்கு வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது. ஆனால் காப்புப் போன பிறகு எப்படிச் சொல்வது? நாள் போகப்போகப் பொய்யும் முற்றி வைரமாகிவிட்டது.

ஒவ்வொரு மாரியிலும் மழை இருட்டினால் அப்பா குளக்கரையில் போய் நிற்பார். "வானத்தைப் பாக்கச் சொன்னவரெல்லே. பாக்கிறன்" என்பார். கசப்பாகக்கூடச் சொல்வதில்லை, வழக்கமான ஒரு கதை மாதிரிச் சொல்வார். நான் அப்படியே உள்ளே போய்விடுவேன்.

தொண்ணூறுக்குப் பிறகு பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் வருவது நின்றது. பெரியப்பாவின் மிசின் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அவரும் கையால் இறைத்தார். கிணற்றில் உப்புக் குறைந்தது. தண்ணீர் திருந்தியது, மனிதர் திருந்தவில்லை. ஒருவர் நாளில் மற்றவர் கிணற்றடிக்கு வருவதில்லை. இருவரும் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா பத்து வாளிக்கு ஒருமுறை நின்று நெஞ்சைப் பிடிப்பார். குளம் நிரம்பியிருந்தால் அவர் இப்படி ஆழத்திலிருந்து இழுக்கத் தேவையில்லை. இது தெரிந்த ஆள் வீட்டில் நான் ஒருத்திதான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசிக் கடைசியில், ஆமி முன்னேறி வர, வலிகாமம் முழுதும் ஊரை விட்டு வெளிக்கிட்டது. அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மழை. ஒரே தெரு. அந்தத் தெருவில் எல்லாச் சனமும். அம்மா ஒரு கையில் உறுதிகளும் கொப்பியும் சுற்றிய பையை வைத்திருந்தா, மற்றக் கையால் என் சட்டையைப் பிடித்திருந்தா. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறையில் ஒன்பது குடும்பம்.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் இருவர் வந்து நின்றார்கள். நனைந்து, சுருங்கி. பெரியப்பாவும் பெரியம்மாவும். அறையில் வேறு எங்கும் இடமில்லை. எங்கள் பாய்க்குப் பக்கத்தில்தான் ஒரு பாயளவு இடம் இருந்தது. எல்லாரும் அதைத்தான் காட்டினார்கள்.

பெரியப்பா வந்து இருந்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு கேட்டார், "தம்பி, ஏதும் சாப்பிட்டியோ?"

"ஓம் அண்ணை. நீங்கள்?"

பத்து வருசத்துக்குக் கிட்டப் பேசாத மனிதர்கள் இவ்வளவு லேசாகத் தொடங்கினார்கள். எனக்கு அழுகை வந்தது, பயமும் வந்தது. எது முந்தி வந்தது என்று தெரியாது.

பின்னேரம் மழை நல்லாய் அடித்துப் பெய்தது. பெரியப்பா யன்னலால் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெளிக்கிடேக்கை நான் ஒரு வேலை செய்தனான் தம்பி. மண்வெட்டியை எடுத்து உன்ரை வடக்கு வரம்பை வெட்டி விட்டிட்டு வந்தனான். ஆரைக் கேக்கிறது, ஊரிலை ஆள் இல்லை. இந்த மழைக்கு உன்ரை குளம் இப்ப நிரம்பியிருக்கும்."

அப்பா யன்னல் பக்கம் திரும்பினார்.

"ஒரு சொல் கேட்டிருக்கலாம் நீ. ஒவ்வொரு மாரியும் என்ரை பயிர் அழுக அழுக, தம்பி கேப்பான் கேப்பான் எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனான். நானாக வெட்டினால் உன்ரை காணிக்குள்ளை வெள்ளத்தை விட்டதெண்டு நினைப்பாய்."

அப்பாவின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை.

பெரியம்மா என் பக்கம் திரும்பினா. குரலில் ஒரு துளி குற்றமும் இல்லை, அதுதான் தாங்க முடியாதது. "ஒரு நாள் நீ பழத்தோடை படலைக்கு வந்தனியெல்லே மோனை? நீ இருக்கிறதுக்குக் கதிரை எடுக்கத்தான் உள்ளுக்கை ஓடினனான். பெரியப்பாவும் சேட்டு ஒண்டைப் போட்டுக்கொண்டு வாறார், உன்னைக் காணேல்லை. அண்டு முழுக்க ரெண்டு பேரும் யோசிச்சம், பிள்ளை ஏன் திரும்பினவள் எண்டு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அப்பாவைத் தவிர. அவருக்குப் பார்க்கத் தேவையில்லை. வானத்தைப் பார் என்று யார் சொன்னது என்பது அவருக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. அம்மாவின் கை தன் வெறும் மணிக்கட்டைத் தடவியதை நான் கண்டேன். அவவும் விளங்கிக்கொண்டா. நான் வாயைத் திறந்தேன். நாற்பது வயது வாய் என்று பேர் எடுத்த வாயில் காற்றுக்கூட வரவில்லை.

அப்பா சொன்னார், "அது கோயிலுக்குக் கொண்டு போன பழம் அண்ணை. அவள் போற வழியிலை உங்கடை படலையிலை நிண்டிருப்பாள். நான் அவளை அனுப்பேல்லை. கேக்க வேண்டியவன் நான், கேக்கேல்லை. பிழை என்னிலைதான்."

பெரியப்பா அவருடைய தோளில் கையை வைத்தார். "விடு. ரெண்டு பேரிலையும்தான்."

பொழுதுபட முன் அப்பா வாளியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். நீண்ட வரிசை. மழைத் தூறல். எங்கள் முறை வந்ததும் அவர் கயிற்றைப் பிடித்தார். நான் அதை வாங்கி இறைக்க விட்டார். மூன்றாவது வாளியில் கயிற்றோடு நின்றேன்.

"அப்பா, அண்டைக்கு நான்..."

அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு முழுக்க முதல் தடவையாக. கோபமா என்று தேடினேன், இல்லை. களைத்துப்போன ஒரு மனிதரின் முகம்தான் இருந்தது. வீடு போய், காணி போய், கையில் மிஞ்சியதில் ஒன்றையும் இனிமேல் இழக்க மனமில்லாத முகம்.

"வாளி நிரம்பீட்டுது பிள்ளை. பின்னுக்கு ஆக்கள் நிக்கினம். தூக்கு" என்றார்.